மூதூர்க் கூட்டத்துக்கு ஒரு சட்ட உதவி தேவை

குழுவில் உள்ள அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் மூதூரில் ஒரு மாதர் சங்கத்தில் பேசக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பு: சர்வதேச சமவாயத்தில் (நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில்) சேர்ந்த அரசு, தன் சட்டங்களை அதற்கேற்ப மாற்றியே ஆகவேண்டுமா?

குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 1980இல் இணைந்தது. தேவையான சட்டங்களை ஆக்க வேண்டும் என்று அதன் 2ஆம் உறுப்புரையே சொல்கிறது. இங்கே சட்டம் வந்ததோ 2007இல், 56ஆம் இலக்கமாக. அதிலும் சில உரிமைகள்தான். உயிர்வாழும் உரிமையைத் தேடினால் கிடைக்காது.

நான் சிக்கி நிற்பது, ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட சிங்கராசா என்பவரின் வழக்கில். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எடுத்த ஒப்புதல் வாக்குமூலம் தானாகக் கொடுத்ததல்ல என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். தடுப்பில் இருந்தவர் அதற்குச் சாட்சிக்கு எங்கே போவார்? அது சமவாயத்தை மீறுகிறது என்று, சமவாயத்தைக் கண்காணிக்கும் ஐநா மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. பாராளுமன்றம் சட்டமாக்காமல் அந்த முடிவு இங்கே செல்லாது என்று நம் உயர் நீதிமன்றம் 2006இல் கையை விரித்துவிட்டது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். 2007க்குப் பிறகு சமவாயத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் நிவாரணம் கொடுத்த தீர்ப்பு ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். 2007 சட்டத்தின் தமிழ்ப் பிரதி, தெளிவான பிடிஎஃப் இருந்தால் அனுப்புங்கள்; என்னிடம் இருப்பதில் பாதி எழுத்து தெரியவில்லை. அப்புறம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சட்டத்தரணிகள் யாராவது கூட்டத்துக்கு வர முடிந்தால் பெரிய உதவி. கேள்வி கேட்பதில் அந்தச் சங்கத்து அக்காமார் லேசுப்பட்டவர்கள் இல்லை.