பனிக்கட்டியாறுகளின் படங்கள் தேவை, யாராவது உதவுவீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். கடலில் முடியும் பனிக்கட்டியாறுகள் கோடையில் பின்வாங்கி, குளிர்காலத்தில் திரும்ப முன்னுக்கு வருவதைக் காட்டப் படங்கள் தேடுகிறேன்.

போன கிழமை குருநகரில் ஐஸ் கட்டி ஒன்று வாங்கி, உப்புத்தண்ணீர் விட்ட பேசினில் அடிமுட்ட வைத்தேன். தண்ணீர் மட்டத்தில் ஒரு வெட்டு விழுந்து உள்ளுக்குப் போனது. அப்புறம் மேல்விளிம்பு முறிந்து விழுந்தது. "வெய்யில் மேலதானே படுது, ஏன் சேர் கீழ கரையுது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

அருமையான கேள்வி. உண்மையான பனிக்கட்டியாற்றில், கோடையில் மேற்பரப்பில் உருகும் நீர் வெடிப்புகளால் அடிக்கு இறங்கிக் கடலுக்குள் வெளிவருகிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் பனிச்சுவரோடு மேலெழும்பும்போது வெதுவெதுப்பான கடல்நீரையும் இழுத்து வந்து சுவரை அரிக்கிறது. குளிர்காலத்தில் உடைந்த துண்டுகளும் கடற்பனியும் சேர்ந்து இறுகி, கடலைத் தொடும் அந்தச் சுவருக்கு, அதாவது முகப்புக்கு, முட்டுக்கொடுக்கின்றன. கிறீன்லாந்தின் யாகொப்ஸ்ஹவ்ன் பனிக்கட்டியாறு 2012 கோடையில் நாளுக்கு 40 மீற்றருக்கு மேல் நகர்ந்தது. பிள்ளைகள் நம்பவே இல்லை!

நோர்வேயில் இருக்கும் எங்கட ஆட்கள் யாராவது வடக்கே உள்ள சுவால்பார்ட் தீவுகளுக்குப் போயிருந்தால், அங்கு எடுத்த படங்களைத் தருவீர்களா? சென்ரினல் செய்மதிப் படங்கள் இறக்கத் தெரிந்தவர்கள், ஒரே முகப்பை ஏப்ரலிலும் செப்ரெம்பரிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தந்தால் பெரிய உதவி. அடுத்த தவணைக்கு முதல் கிடைத்தால் நல்லது.