40 நிமிட ஒலி கேம்: ஸ்டீமா, இட்ச்சா?

குலசேகரம்: கோடோ 4.3-ல் (கேம் உருவாக்குற மென்பொருள்) செய்த கேம் முடியுற நிலையில இருக்கு. திரை முழுக்க இருட்டு. விடியுமுன்னே ரப்பர் தோட்டம். சிரட்டையில் பால் சொட்டுற சத்தத்தை வச்சே மரத்தைக் கண்டுபிடிக்கணும். மொத்தம் 40 நிமிடம். கேம் விக்குற தளங்கள்ல ஸ்டீம்ல விடலாமா, இட்ச்.ஐஓ-லயா?

முட்டம் கரை: இட்ச்.ஐஓ. ஸ்டீம்ல வாங்கி 14 நாளைக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா காசைத் திரும்ப வாங்கிக்கலாம். உங்க கேமை முடிச்சு, டீ குடிச்சுட்டுக்கூட திருப்பலாம். ஸ்டீமுக்கு முதல்ல கட்டுற 100 டாலர், 1000 டாலர் விற்பனை பார்த்தாத்தான் திரும்பும். 5 டாலர் விலைன்னா குறைஞ்சது 200 பிரதி. விற்பனையில ஸ்டீமுக்கு 30 சதவீதம் பங்கு வேற. இட்ச்ல தளத்துக்கான பங்கை நாமளே வைக்கலாம், பூஜ்யம்கூட.

தக்கலை தேவ்: பூஜ்யம் சரி மக்கா, வாங்க ஆள் வேணும்லா? ஸ்டீம்ல விஷ்லிஸ்ட்ல (வாங்க நினைக்குற பட்டியல்) போட்டவனுக்கு வெளியீட்டன்னைக்கு மின்னஞ்சல் போகும். ஸ்டீமோட டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்ல டெமோ வைக்கலாம். ஒரு கேமுக்கு ஒரே தடவைதான், அவசரப்பட்டு வீணாக்காதீங்க. பணம் கட்டி 30 நாள் கழிச்சுத்தான் வெளியிட முடியும். கடைப்பக்கம் 2 வாரமாவது முன்னாடியே திறந்திருக்கணும். வரிப் படிவத்துல பான் எண்ணை விட்டுடாதீங்க.

முட்டம் கரை: இருட்டுத் திரைக்கு என்ன ஸ்க்ரீன்ஷாட் போடுவீங்க? அந்தக் கடையில கண்ணால பார்த்துத்தான் வாங்குவான். இட்ச்ல பிரவுசர்லயே ஆட விடலாம், இந்த மாதிரி சோதனைக்கு அதுதான் லாயக்கு.

மார்த்தாண்டம் ஒலி: பிரவுசர்லதான் இந்த கேம் உடையும். 4.3-ல் வெப் ஏற்றுமதி ஒலியை 'சாம்பிள்' முறையில் (ஒலியை பிரவுசரே இசைக்கிறது) ஓட்டும். அதுல கோடோவோட ரிவெர்ப் (எதிரொலி விளைவு), வடிகட்டி எதுவும் வேலை செய்யாது. தோட்டத்து எதிரொலி காணாமப் போயிரும். 'ஸ்ட்ரீம்' முறைக்கு (கோடோவே ஒலியைக் கலக்குறது) மாத்தினா, த்ரெட் (வேலையைப் பிரிச்சு ஒரே நேரத்துல ஓட்டுறது) இல்லாத ஏற்றுமதியில் ஃப்ரேம் தடுமாறும்போதெல்லாம் கரகரக்கும். த்ரெட்டோட ஏற்றுமதி செஞ்சு, இட்ச் பக்கத்துல த்ரெட்டுக்குத் தேவையான ஷேர்டுஅரேபஃபர் பெட்டியை டிக் பண்ணணும். இல்லேன்னா எதிரொலியை ஆக் (.ogg) ஒலிக்கோப்புக்குள்ளயே சேர்த்துப் பதியணும். முதல் கிளிக்குக்கு முன்னாடி பிரவுசர் சத்தமே விடாது, தொடக்கப் பொத்தான் கட்டாயம்.

இன்னொண்ணு: கோடோவோட 3டி ஒலியில ஹெட்ஃபோன்ல இடது, வலது தெரியும், முன்னா பின்னான்னு பிரியாது. முதுகுப்பக்கத்து சொட்டுக்கு மேல்சுரத்தை மழுக்கின தனிக்கோப்பு வையுங்க.

தக்கலை தேவ்: அந்த வேலை முடியுற வரைக்கும் 100 டாலரைத் தொடாதீங்க. அதுக்கப்புறமும் நான் ஸ்டீம்தான் சொல்லுவேன்.

முட்டம் கரை: நான் இட்ச்தான்.