கணக்கு பீரியடில் மட்டும் கலாட்டா: அடக்கணுமா, காரணம் தேடணுமா?

குழித்துறை டீச்சர்:
ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கு பீரியட் வந்தால் டெஸ்க்கில் தாளம் போடுவான், பக்கத்தில் இருப்பவர்களைச் சீண்டுவான். நேற்று ஒரு பிள்ளையின் நோட்டைக் கிழித்துவிட்டான். வெளியே நிறுத்தினால் சமத்தாக நிற்கிறான். அப்பா ரப்பர் வெட்டப் போகிறவர். என்ன செய்யலாம்?

பழைய ஹெச்.எம்.:
இதில் ஆராய என்ன இருக்கு டீச்சர்? பள்ளிக்கூடத்தில் கண்டிப்பு போச்சு. ஒருத்தனுக்காக மற்ற பிள்ளைகளின் பாடம் கெடணுமா? ரெண்டு அடி போட்டால் தன்னால அடங்குவான்.

தக்கலைக்காரன்:
அண்ணாச்சி, அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவிலேயே இருக்கு. சட்டம் கிடக்கட்டும். சத்தம் போட்டால் வெளியே போகலாம், கணக்குப் போட வேண்டாம். அவனுக்கு இதைவிட லாபம் என்ன? நாளைக்கும் சத்தம் போடத்தான் செய்வான். தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது, முடிந்ததும் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்க டீச்சர்.

மார்த்தாண்டம் அம்மா:
ஏடிஹெச்டியாக (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற கோளாறு) இருக்கலாமே? ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டலாம்.

தக்கலைக்காரன்:
காட்டலாம் அக்கா, கண், காதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் ஏடிஹெச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருக்கணும், ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரு பீரியடில் மட்டும் வருகிற வியாதி கிடையாது அது.

அருமனை:
பசியா இருக்கும். எங்க ஊரில் விடியும் முன்பே வெட்டுக்குப் போயிடுவாங்க, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைஞ்சிடும். பிள்ளை தானே எழுந்து ஓடி வருவான். 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது ஐந்தாம் வகுப்பு வரைதான்.

பழைய ஹெச்.எம்.:
நாங்களும் பழையது குடிச்சுட்டுத்தான் போனோம். யார் நோட்டையும் கிழிக்கல.

தக்கலைக்காரன்:
பசியா என்று கண்டுபிடிப்பது லேசு. டீச்சர், கணக்கு சில நாள் காலையிலும் சில நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் வருமே, வித்தியாசம் இருக்கா?

குழித்துறை டீச்சர் (ஒரு வாரம் கழித்து):
இல்லை. சாப்பிட்ட பிறகும் அதே கலாட்டா. ஆனால் எழுதி வைத்ததில் வேறொன்று கண்ணில் பட்டது. கூட்டல், பின்னம் எல்லாம் போர்டில் எழுதிக் கொடுத்தால் சத்தமே இல்லை, டக்கென்று போட்டுவிடுகிறான். வாக்கியக் கணக்கு எடுத்து, ஒவ்வொருவராக எழுந்து வாசியுங்கள் என்றதும்தான் தாளம் ஆரம்பிக்கிறது, அதுவும் அவன் முறை வருவதற்கு ரெண்டு பேர் முன்னாடி! மற்ற டீச்சர்கள் சேர்ந்து வாசிக்கச் சொல்வார்களாம், அதில் சமாளித்துக்கொள்கிறான். அம்மாவை அழைத்துப் பேசினேன். ஐந்தாம் வகுப்பு வரை கேரளத்துப் பாறசாலையில் பாட்டி வீட்டில் இருந்து மலையாள மீடியத்தில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிறான்.

அருமனை:
அட! நம்ம எல்லைப் பக்கத்தில் இது எத்தனை வீட்டில் இருக்கு.

பழைய ஹெச்.எம்.:
சரி, வாசிக்க வராது. வாயைத் திறந்து சொல்லலாமே? மலையாளம் படிச்சவன் நோட்டைக் கிழிக்கணும்னு எங்கே இருக்கு?

தக்கலைக்காரன்:
பன்னிரண்டு வயசுப் பையன் வகுப்பு முன்னாடி மண்டுன்னு பேர் வாங்குவானா, சேட்டைக்காரன்னு பேர் வாங்குவானா? நீங்களே சொல்லுங்க. ஆனால் நோட்டு விஷயத்தில் உங்க பக்கம்தான் அண்ணாச்சி. காரணம் கிடைத்ததால் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம் இல்லைன்னு ஆகாது.

குழித்துறை டீச்சர்:
கிழித்த பக்கங்களை அவனே எழுதிக் கொடுக்கணும் என்று சொல்லிவிட்டேன், அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டான். இனி அவன் வாசிக்க வேண்டிய கணக்கை முந்தின நாளே காட்டிவிடப் போகிறேன். வெளியே நிறுத்துவது கிடையாது.

பழைய ஹெச்.எம்.:
நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தனுக்கும் இப்படி நோட்டுப் போட எந்த டீச்சருக்கு நேரம் இருக்கு? காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் வந்து கேட்பேன், சொல்லுங்க.