தொண்டி முதல் சாயல்குடி வரை: கடலோரச் சிறு சாலைகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தை மாதம் நானும் தம்பியும் பைக்கில் தொண்டியில் தொடங்கி காரங்காடு, தேவிபட்டினம், பாம்பன், தனுஷ்கோடி பார்த்துவிட்டு, திரும்பி கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகலாம் என்று இருக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் அதில் பல இடங்களில் கடலே கண்ணில் படாது, எங்களுக்கு மீனவர் ஊர்களுக்குள்ளும் பனங்காட்டு ஓரமாகவும் உப்பளங்களை ஒட்டியும் போகிற சின்னச் சாலைகள்தான் வேண்டும்.

வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் மழைக்குப் பிறகு சாலை எப்படி இருக்கும்? மணல் ஏறிக் கிடக்குமா? 150 சிசி வண்டி, பின்னால் சுமையும் உண்டு. ஏர்வாடியைத் தாண்டினால் பெட்ரோல் எங்கே கிடைக்கும்?

அப்புறம், காரங்காடு அலையாத்திக் காட்டில் படகில் போக எந்த நேரம் நல்லது? பறவைகளைப் பார்க்கத் தம்பிக்கு ரொம்ப ஆசை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.