புதுப்பிப்பு: வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்சூரன்ஸ் கிளைம்

2024 நவம்பர் 30-இல் வந்த ஃபெஞ்சல் புயல் மாதிரி கடலூர், புதுச்சேரித் தெருக்களில் தண்ணீர் ஏறினால், ஃபுல் இன்சூரன்ஸ் உள்ள காருக்கு வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். எஞ்சின் விஷயம் அதில் விட்டுப்போனது. பலருக்குக் கிளைம் அங்கேதான் அடிபடுகிறது.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டியதும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடைப் பார்த்தால், ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) எஞ்சின் செலவைக் கழித்துவிடுவார். எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் (எஞ்சினுக்கான கூடுதல் கவர்) இல்லாமல் அந்தப் பணம் வருவது கஷ்டம்.

கதவில் தண்ணீர் நின்ற கறைக்கோடும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கம்பெனிக்குச் சொல்லி கிளைம் எண் வாங்கிவிட்டு டோ செய்யுங்கள். சர்வேயர் பார்க்கும்முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இல்லையென்றால் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குப் பாதி விலைதான். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் எப்படியும் நம் கையிலிருந்து போகும். ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாக முடிப்பார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் இதில் எதுவும் கிடைக்காது. மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.