திரும்பத் திரும்ப வரும் தலைவலிக்குச் சீன மூலிகைப் பொடி உட்கொள்ளலாமா?

நிலவன்:
வணக்கம். சில ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுகிறேன். நெற்றிப்பொட்டில் தொடங்கி ஒரு பக்கமாகத் தெறிக்கும். வெளிச்சம் பட்டால் குமட்டும். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரையில்தான் கழிகிறது. சீன மருத்துவம் பயிலும் நண்பர் சுவான்சியோங் கிழங்கு சேர்ந்த பொடி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் உட்கொண்டு வருகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆதிரை:
அது 'சுவான்சியோங் சா தியாவ் சான்' என்னும் பொடியாக இருக்கக்கூடும். சீனாவின் சோங் அரச மரபுக் காலத்து அரசு மருந்தகத்தின் தொகுப்பு நூலிலேயே இடம்பெற்ற பழைய மருந்து இது. சிச்சுவானில் விளையும் சுவான்சியோங்குடன் பைட்சி, சியாங்குவோ, அதிமதுரம், புதினா இனத்து இலை என எட்டுச் சரக்குகள் சேரும். பச்சைத் தேநீரில் கலந்து குடிப்பது மரபு. ஆனால் தலைவலி என்றதும் ஒரே மருந்தை எடுத்துக் கொடுப்பது சீன மருத்துவத்தின் வழக்கமன்று. பக்கவாட்டு வலிக்குச் சுவான்சியோங், நெற்றி வலிக்குப் பைட்சி, பிடரி வலிக்குச் சியாங்குவோ என்று இடம் பார்த்துப் பிரிப்பதோடு, நாக்கையும் நாடியையும் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு செய்வார். வெளியிலிருந்து 'காற்று' தாக்கியதாகக் கருதப்படும் வலிக்கே இப்பொடி; தலைசுற்றலும் எரிச்சலும் முகச் சிவப்பும் கூடியிருந்தால், தியான்மா என்னும் கிழங்கு சேர்ந்த வேறொரு கஷாயத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நண்பர் உங்கள் நாடியைப் பார்த்தாரா?

மருந்தாளுநர் ஒருவர்:
நாடி பார்த்திருந்தாலும், வார்ஃபரின் உட்கொள்ளும் ஒருவர் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன். சுவான்சியோங், இரத்த ஓட்டத்தைத் தூண்டும் சரக்காகவே சீன மருத்துவத்தில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது; வார்ஃபரினோடு சேரும்போது இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். இரண்டாவதாக, இந்த எட்டில் சிசின் என்பதும் ஒன்று. அதில் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதுமான அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கக்கூடும். இலையைக் காட்டிலும் வேரில் அது குறைவு என்பதால், சீன அரசின் 2005ஆம் ஆண்டு அதிகாரபூர்வ மருந்துத் தர நூல் வேர்ப்பகுதியை மட்டுமே ஏற்றது. 1990களில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கச் சீன மூலிகை உட்கொண்ட பல பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. ஒரு மூலிகைக்குப் பதிலாக இவ்வமிலம் உள்ள வேறொன்று கலந்துவிட்டதே காரணம். மூலிகைதானே என்று நம்பியவர்களுக்கு நேர்ந்த கதி அது.

இளவேனில்:
நிலவன் எழுதியதில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது அந்த 'மாதத்தில் பாதி நாள்'தான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாள்களோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கினால், மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். அப்படியானால் எந்தப் பொடியும் பயன் தராது. முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையைக் குறைத்து, வலி வராமல் தடுக்கும் சிகிச்சை குறித்துக் கேளுங்கள். திடீரென இதுவரை காணாத கடும் வலியோ, காய்ச்சலோடு கழுத்து விறைப்போ, பேச்சுக் குழறலோ வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நிலவன்:
அனைவருக்கும் நன்றி. நண்பர் நாடி பார்க்கவில்லை. பொட்டலத்தில் சரக்குகளின் பெயரும் அச்சிடப்படவில்லை.

மருந்தாளுநர் ஒருவர்:
அப்படியானால் அதைப் பிரிக்காமலே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு வேளையேனும் குடித்திருந்தால், வார்ஃபரின் எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.