கொலோசெயர் 1:23-இல் வரும் அந்த ‘ஆனால்’

பெரோயா_வாசகன்:
ஞாயிறு ஆராதனையில் பவுல் கொலோசெ ஊர்ச் சபைக்கு எழுதிய கொலோசெயர் நிருபம், முதல் அதிகாரம். முன்பு அந்நியராயும் சத்துருக்களாயும் இருந்த உங்களைக் கிறிஸ்து தம் மரணத்தினாலே ஒப்புரவாக்கினார் என்று 21, 22 சொல்கிறது. ஒப்புரவாக்கினார், அதாவது தேவனோடு சமாதானமாக்கினார். முடிந்த காரியம். அடுத்த வசனத்தில்தான் ‘ஸ்திரமாயும் உறுதியாயும் விசுவாசத்திலே நிலைத்திருப்பீர்களானால்’ என்று வருகிறது. எங்கள் பாஸ்டர் அந்த ஒரு ‘ஆனால்’-ஐப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பயமுறுத்தினார், நேற்று மனைவியிடம் கத்தினவன் இன்று தேவனுக்குச் சத்துருவாம். அப்படியானால் சிலுவையில் நடந்தது என்ன, தவணைமுறைக் கடனா? கிரேக்க மூலத்தில் அந்த ‘ஆனால்’ வரும் இடத்தில் ‘எய் கே’ என்று இருக்கிறது. எபேசியர் 3:2-லும் அதே சொல்தான், அங்கே பவுல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்கிற தொனியில் சொல்கிறார். இங்கேயும் அதே தொனி என்பது என் வாதம். ஒப்புரவானவன் நிலைத்திருப்பான், நிலைத்திருந்து ஒப்புரவைச் சம்பாதிப்பதில்லை.

நாசரேத்_தங்கம்:
தம்பி, பாதிக் கிரேக்கம் ஆபத்து. கலாத்தியர் 3:4-லும் அதே ‘எய் கே’ இருக்கிறது, இவ்வளவு பாடுபட்டதும் வீணாய்ப் போயிற்றோ என்று பவுல் அங்கே உண்மையாகவே கலங்குகிறார். சொல்லை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது.
எனக்கு இது புத்தக விவாதம் இல்லை. என் சித்தப்பா பைபிளின் முதல் பக்கத்தில் இரட்சிக்கப்பட்ட தேதியைப் பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறார். கன்வென்ஷன் கூட்டத்தில் விசுவாசிக்கிறேன் என்று கை தூக்கிய நாள் அது. அப்புறம் அண்ணன் பங்கு நிலத்தையும் சேர்த்துப் பத்திரம் பதிந்துகொண்டார், அண்ணன் செத்தபோதும் வீட்டுப் படி ஏறவில்லை. கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்! ஒருமுறை ஒப்புரவானால் போதும் என்கிற போதனை கடைசியில் இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் தலையணை. மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்பப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6 எதற்கு எழுதப்பட்டது?

பெரோயா_வாசகன்:
அண்ணா, உங்கள் சித்தப்பா ஒப்புரவாகி இழந்தவர் என்று யார் சொன்னது, ஒப்புரவே ஆகாதவராக இருக்கலாமே. 1618-19-இல் நெதர்லாந்தில் கால்வின் வழிச் சபைகள் கூடிய தோர்த் மாநாட்டில் தீர்மானித்தது, கை தூக்கினவன் எல்லாம் தப்பினான் என்பதல்ல, தேவன் பிடித்தவனைக் கடைசிவரை விடமாட்டார் என்பதுதான். இன்னொன்று. ‘ஸ்திரமாயும்’ என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ளது அஸ்திபாரம் போடப்பட்டவர்கள் என்று பொருள்படும் சொல், செயப்பாட்டு வினை. போட்டது வேறொருவர். கொலோசெ இருந்தது இன்றைய துருக்கியில், லீகஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நில நடுக்கம் புதிதல்ல. பக்கத்து ஊர் லவோதிக்கேயா கி.பி. 60-இல் இடிந்து விழுந்தது. அஸ்திபாரம், அசையாமல் என்றெல்லாம் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு வயிற்றில் புரிந்திருக்கும்.

நாசரேத்_தங்கம்:
அஸ்திபாரம் போட்டாயிற்று என்று ஊரில் எவனும் வீட்டைக் கவனிக்காமல் விடுவதில்லையே. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் கிருபையை இழக்க முடியும் என்றுதான் பிரசங்கித்தார், அவருக்குக் கிரேக்கம் தெரியாதா?

கடற்கரை_மேரி:
நான் கத்தோலிக்கப் பொண்ணு, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு ஒப்புரவு என்றால் வாராவாரம் வரிசையில் நின்று செய்கிற காரியம், அருட்சாதனத்துக்கே அந்தப் பெயர்தான். அதனால் உங்கள் சண்டை எனக்குக் கொஞ்சம் விநோதம். இதே சண்டை அந்தக் காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெருவிலேயே நடந்திருக்கிறது.
கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியுஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை போட்டான். தாசில்தார் ஆபீஸ் சான்றிதழ் மாதிரியே இருக்கும், எகிப்து மணலில் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டுப் படையலை உண்டேன், கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று மனு. (முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்திகூட வாங்கியிருக்கிறாள், அவ்வளவு கறார்.) கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். அடுத்த வருஷம் தேசியுஸ் போரில் செத்தான். இவர்கள் எல்லாரும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நம் கோயில் வாசலில் வந்து நின்றார்கள்.
ரோமில் நொவாத்தியன் என்கிற குரு கதவைச் சாத்து என்றான். சிறையில் நிலைத்து நின்ற சிலரோ கேட்டவனுக்கெல்லாம் இவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் இரண்டும் வேண்டாம் என்றார். 251-இல் கூடிப் பேசி, காசுக்குப் பலிச் சீட்டு வாங்கினவர்களை ஆளுக்காள் விசாரித்துச் சேர்த்தார்கள், பலியிட்டவர்கள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த துன்புறுத்தல் வரும்போல இருந்ததும் தவம் செய்துகொண்டிருந்த அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு போருக்கு அனுப்பக்கூடாது என்பது காரணம். 250-இல் சிப்ரியானே ஒளிந்துகொண்டவர்தான். 258-இல் விசுவாசத்துக்காக வாளுக்குக் கழுத்தை நீட்டினார்.

பெரோயா_வாசகன்:
அருமையான தகவல் அக்கா, ஆனால் அது சபையோடு ஒப்புரவு. தேவனோடு ஒப்புரவு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் பரலோகச் சாவி ஆயர் கைக்குப் போய்விடும்.

நாசரேத்_தங்கம்:
ஆள் ஆளாக விசாரித்தார்கள் பாருங்கள், அதைத்தான் நானும் சொல்கிறேன். நம் பக்கத்திலேயே தேவசகாயம் பிள்ளை, 1745-இல் ஞானஸ்நானம், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் சிறை, அடி, எருமை மேல் ஏற்றி ஊர்வலம். அவரும் சீட்டு வாங்கினவனும் ஒன்றா?

கடற்கரை_மேரி:
ஒன்று இல்லை. ஆனால் நிலைத்திருப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்து வைத்திருப்பது சரியா என்றே எனக்குச் சந்தேகம்.
2017 ஓக்கிப் புயலில் கடலுக்குப் போன என் அண்ணன் கரைக்கு வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா அன்றோடு செபமாலையைத் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டியவள்தான், எடுக்கவில்லை. பூசைக்குப் போவாள், நன்மை (நற்கருணை) வாங்க எழும்ப மாட்டாள். சாமியார் வீட்டுக்கு வந்தபோது, “அவருகிட்ட எனக்குப் பேச்சு இல்ல சாமி” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஆனால் சனிக்கிழமை தோறும் கோயில் முற்றத்தைக் கூட்டுகிற முறையை ஒருநாள் விடவில்லை. நாலாவது வருஷம் ஒரு சாயங்காலம் மாலையை எடுத்துத் தூசி தட்டினாள், அவ்வளவுதான். அந்த நாலு வருஷம் அம்மா உள்ளேயா வெளியேயா? தங்கம் அண்ணன் கணக்குப்படி? தம்பி கணக்குப்படி?

நாசரேத்_தங்கம்:
உங்கள் அம்மாவிடம் நான் எபிரெயர் 6-ஐ நீட்ட மாட்டேன் தங்கச்சி. பேச்சு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல அங்கே யாரோ இருக்கிறார் என்று நம்ப வேண்டுமே. ஆனால் சித்தப்பாவிடம் கட்டாயம் நீட்டுவேன்.

பெரோயா_வாசகன்:
நீட்டுங்கள் அண்ணா, 8-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 9-இல் ‘பிரியமானவர்களே’ என்று கூப்பிட்டு, உங்கள் விஷயத்தில் நல்லதையே நம்புகிறோம் என்கிறார். எங்கள் பாஸ்டரும் அதை வாசிக்கவில்லை.

நாசரேத்_தங்கம்:
சரி, 9 வரை வாசிக்கிறேன். நிலப் பத்திரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன்.